அணி தோற்ற மறுநாள் யாரிடம் பேசுவது?

2021 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் நகரத்தில், டிஎஸ்என் 1040 வானொலியின் பேச்சு காலை நிகழ்ச்சியோடு நின்றுபோனது. நகரத்தின் ஐஸ் ஹாக்கி அணியான கனக்ஸைப் பற்றி விடிந்தது முதல் இரவு வரை அலசிக்கொண்டிருந்த நிலையம் அது. மதியமும் மாலையும் பேச வேண்டிய தொகுப்பாளர்களுக்கு நேயர்களிடம் விடைபெறக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. உரிமையாளரான பெல் மீடியா அதே நாளில் வின்னிபெக், ஹாமில்டன் நகரங்களில் இருந்த தன் விளையாட்டு நிலையங்களையும் நிறுத்தியது. சில நாள்களில் வான்கூவரிலும் வின்னிபெக்கிலும் அதே அலைவரிசைகளில் பதிவுசெய்த நகைச்சுவைத் துணுக்குகள் ஓட ஆரம்பித்தன. ஹாமில்டனுக்கு வணிகச் செய்தி வந்தது. 2023 ஜூனில் அந்த நகைச்சுவையும் போயிற்று. எட்மண்டன் நகரத்தின் டிஎஸ்என் 1260 அதே அறிவிப்பில் மூடப்பட்டது.

கைபேசி வந்துவிட்டது, வானொலி பழசாகிவிட்டது, கேட்பதற்கு ஆளில்லை என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை வான்கூவர் நிலையத்தின் பழைய வரலாறே சொல்கிறது. 2001 மே மாதம் சம் நிறுவனம் 'தி டீம்' என்ற பெயரில் கனடா முழுவதற்குமாக ஒரு விளையாட்டு வானொலி வலையமைப்பைத் தொடங்கியது. 2002 ஆகஸ்டில் அது கடையைக் கட்டியது. நாடு தழுவிய அந்த ஏற்பாடு சரிந்த பிறகும் வான்கூவர், ஒட்டாவா, மாண்ட்ரியல் நிலையங்கள் விளையாட்டை விடாமல் தொடர்ந்தன. தத்தம் ஊர் அணியைப் பிடித்துக்கொண்டு அவை பிழைத்தன. ஆக, உள்ளூர்ப் பேச்சு நஷ்டத்துக்கே பிறந்த சரக்கு என்று சொல்வதற்கில்லை.

இந்த வடிவம் உருவான இடம் நியூயார்க். 1987 ஜூலை 1, பிற்பகல் 3 மணிக்கு 1050 ஏஎம் அலைவரிசையில் டபிள்யூஃபேன் தொடங்கியது. அதுவரை அங்கே கன்ட்ரி இசை ஒலித்துக்கொண்டிருந்தது. எம்மிஸ் நிறுவனத்தின் ஜெஃப் ஸ்முல்யான் அதை நிறுத்திவிட்டு, 24 மணி நேரமும் விளையாட்டுப் பேச்சு என்று அறிவித்தபோது தொழிலில் இருந்தவர்களில் பலர் அது தேறாது என்றே கருதினார்கள். முதலில் ஒலித்த குரல் விளையாட்டுச் செய்தி வாசித்த சூசின் வால்ட்மனுடையது. ஆண்களின் கூடாரம் என்று பெயர் வாங்கப்போகும் ஒரு தொழிலின் முதல் குரல் ஒரு பெண்ணுடையது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

ஓராண்டுக்குப் பிறகு, 1988 அக்டோபரில், நிலையம் 660 ஏஎம்முக்கு மாறியது. 50,000 வாட் திறனுள்ள, இரவில் பல மாநிலங்களுக்குக் கேட்கும் அலைவரிசை அது. அதன் முன்னோடியான டபிள்யூஈஏஎஃப் நிலையத்தில்தான் 1922-இல், குயீன்ஸ் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்காக, அமெரிக்காவின் முதல் கட்டண வானொலி விளம்பரம் என்று பொதுவாகச் சொல்லப்படும் விளம்பரம் ஒலித்தது. 1989 செப்டம்பரில் மைக் ஃபிரான்செஸாவையும் கிறிஸ்டோபர் ரூஸோவையும் பிற்பகலில் சேர்த்து உட்காரவைத்தார்கள். ஒருவர் எல்லாம் தெரிந்தவரைப் போல நிதானமாக அடித்துப் பேசுவார். மற்றவர் உச்சக் குரலில், மூச்சுவிடாமல், சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழ வாதாடுவார். 2008 ஆகஸ்ட் வரை, ஏறத்தாழ 19 ஆண்டுகள் அந்த இணை நீடித்தது. தேறாது என்று சொல்லப்பட்ட நிலையம் 1990களில் நாட்டிலேயே அதிக விளம்பர வருவாய் ஈட்டும் நிலையங்களுள் ஒன்றாயிற்று. பிலடெல்ஃபியாவில் டபிள்யூஐபி, பாஸ்டனில் டபிள்யூஈஈஐ, டல்லஸில் 1994 ஜனவரியில் பிறந்த 'தி டிக்கெட்' என்று ஊருக்கு ஊர் இந்தப் பேச்சு பரவியது.

இந்த நிகழ்ச்சிகள் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அணி முந்தைய இரவு தோற்றிருக்கும். நேயர் நிலையத்தின் எண்ணை அழுத்துவார்; பல முறை 'பிஸி'. கிடைத்ததும் எடுப்பவர் தொகுப்பாளர் அல்லர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் உதவியாளர். பெயர் என்ன, எங்கிருந்து, எதைப் பற்றி? மூன்றையும் தட்டச்சு செய்து தொகுப்பாளரின் திரைக்கு அனுப்புவார். "உங்க ரேடியோ சத்தத்தைக் குறைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பில் போடுவார். பேசுவது சில விநாடி தாமதித்தே ஒலிபரப்பாகும். வேண்டாத சொல் வந்தால் வெட்டுவதற்காக அந்த இடைவெளி. அரை மணி நேரம், சில நாள் அதற்கு மேலும், அவர் விளம்பரங்களைக் கேட்டபடி காத்திருப்பார். பிறகு தன் பெயரும் தன் பேட்டையின் பெயரும் காற்றில் வரும். ஒன்றரை நிமிடம் அவருடையது. சரக்கு இருந்தால் மூன்று நிமிடமும் நீளும். சரக்கில்லாவிட்டால் ஊரே கேட்க மூக்குடைபடுவார்.

காத்திருந்து பேசியவர் லாரி ஓட்டுநராகவோ மருத்துவராகவோ இரவுக் காவலாளியாகவோ இருக்கலாம். ஊரை வைத்துத்தான் அவரை அழைத்தார்கள். தொழிலையோ படிப்பையோ யாரும் கேட்கவில்லை. டபிள்யூஃபேனில் 1987 முதல் 2021 வரை பேசிய ஸ்டீவ் சோமர்ஸ் தன்னை நடுநிசியின் கேப்டன் என்று சொல்லிக்கொள்வார். அவருடைய நள்ளிரவு நிகழ்ச்சிக்கு குயீன்ஸ் பகுதியிலிருந்து வழக்கமாக அழைத்துவந்த ஒரு பெண்மணி இருந்தார். மெட்ஸ் பேஸ்பால் அணியின் தீவிர ரசிகை. ஆட்ட நுணுக்கங்களை விரல்நுனியில் வைத்திருந்தவர். இருமலுக்கிடையே அவர் பேசுவதை நகரத்தின் தூங்காத ஜனங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2003-இல் அவர் இறந்தபோது பத்திரிகைகளில் இரங்கல் குறிப்பு வந்தது. எந்தப் பதவியும் வகிக்காத, எந்த மேடையிலும் ஏறாத ஒருவரை ஒரு பெருநகரம் குரலால் மட்டுமே அறிந்திருந்தது. இதற்கு ஈடாக இன்றைய ஊடகங்களில் எதைக் காட்ட முடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் அகப்படவில்லை.

பேச்சோடு நிற்காமல் செயலில் இறங்கிய ஊர் பிலடெல்ஃபியா. 1999-இல் ஈகிள்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. ரிக்கி வில்லியம்ஸ் என்ற வீரரைத்தான் எடுக்க வேண்டும் என்று டபிள்யூஐபியின் காலைத் தொகுப்பாளர் ஆஞ்சலோ கடால்டி வாரக்கணக்கில் முழங்கினார். அன்றைய மேயர் எட் ரெண்டலும் அந்தக் கட்சிதான். சுமார் 30 ரசிகர்களைத் திரட்டி நியூயார்க்கில் தேர்வு நடக்கும் அரங்கத்துக்கே நிலையம் அழைத்துப் போனது. அணி டோனவன் மெக்னாப் பெயரை அறிவித்ததும் அவர்கள் கூச்சலிட்டு அவமதித்தார்கள். தன் வாழ்வின் பெரிய நாளில் மேடையேறிய இளைஞரின் காதில் விழுந்தது அந்தக் கூச்சல். அதே மெக்னாப் பின்னாளில் அணியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். நிலையம் சொன்னதும் தவறு, செய்தது அதைவிடத் தவறு.

இந்த வடிவத்துக்கு இருட்டுப் பக்கம் இருந்தது என்பதை மழுப்பக் கூடாது. 2003-இல் பாஸ்டனின் டபிள்யூஈஈஐயில் காலைத் தொகுப்பாளர்கள் இருவர், மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பிய கொரில்லாவையும் கறுப்பின மாணவர்களையும் இணைத்துப் பேசியதற்காகத் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். 2007 ஏப்ரலில் டபிள்யூஃபேனின் காலைத் தொகுப்பாளர் டான் ஐமஸ், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி இனவெறியோடு பேசி வேலையிழந்தார். காரசாரமாகப் பேசினால்தான் கேட்பார்கள் என்ற கணக்கு இந்தத் தொழிலின் கூடவே வந்தது. ஆனால் ஒன்று. பேசியவர் அதே ஊரில் இருந்தார்; பெயர் தெரியும், நிலையத்தின் முகவரி தெரியும், விளம்பரம் தந்தவர் யாரென்று தெரியும். மறுநாள் காலை அவரை அழைத்துக் கேள்வி கேட்க வழி இருந்தது.

இனி பணத்துக்கு வருவோம். சரிவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1996-இல் அமெரிக்கா தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் மொத்தம் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு நீங்கியது. முன்பு ஏஎம்மில் 20, பண்பலையில் 20 என்று இருந்தது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. வாங்கிய பணம் கடன். 2008-இல் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலையே விலைக்கு வாங்கியபோது அதற்காக வாங்கிய கடனையும் நிறுவனத்தின் தலையிலேயே கட்டின. அது பெயரை ஐஹார்ட் என்று மாற்றிக்கொண்டது. 2018 மார்ச்சில், 20 பில்லியன் டாலர் கடனோடு திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. குமுலஸ் என்ற இன்னொரு வானொலி நிறுவனம் அதற்கு முன்பே, 2017 நவம்பரில் போயிருந்தது. அதே 2017 நவம்பரில் சிபிஎஸ்ஸின் வானொலிப் பிரிவு என்டர்காம் நிறுவனத்தோடு இணைந்தது. டபிள்யூஃபேன், டபிள்யூஐபி எல்லாம் அதன் கைக்குப் போயின. பின்னர் ஆடசி என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனமும் 2024 ஜனவரியில், சுமார் 1.9 பில்லியன் டாலர் கடனோடு திவால் மனு போட்டது.

இந்தக் கடனின் வட்டியைக் கட்டுவது யார்? பெரிய விளையாட்டு நிலையங்களில் பல, தம் ஊரில் நன்றாகக் கேட்கப்பட்டவை. அவை ஈட்டியது தலைமையகம் வாங்கிய கடனுக்குப் போயிற்று. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் கத்தி விழும் இடம் ஆள்தான், ஏனென்றால் பேச்சு வானொலியில் ஆளைத் தவிர வேறு செலவு அதிகம் இல்லை. பாட்டு நிலையத்தைக் கணினியே ஓட்டிவிடும். உள்ளூர்ப் பேச்சுக்கோ இரண்டு தொகுப்பாளர்கள், தொலைபேசி எடுப்பவர், அணியோடு பயணம் போகும் நிருபர், செய்தி வாசிப்பவர் என்று ஒரு கூட்டம் வேண்டும். முதலில் நிருபரை அனுப்பிவிடுவார்கள். பிறகு வார இறுதி நிகழ்ச்சிகள் தலைமையகத்துத் தொகுப்பிலிருந்து வரும். அடுத்து இரவு. கடைசியில் காலையும் மாலையும் மட்டும் ஊர்க்குரல் மிஞ்சும்; மற்ற நேரமெல்லாம் எங்கோ உட்கார்ந்து டல்லஸ் கவ்பாய்ஸ் அணியைப் பற்றிப் பேசும் ஒருவர். ஒரே நாளில் மூடப்பட்ட வான்கூவரைவிட, இப்படி நேரம் நேரமாகத் தேய்ந்த நிலையங்களே அதிகம்.

அரசும் இதற்குக் கதவைத் திறந்து வைத்தது. உரிமம் பெற்ற ஊரிலோ அதன் அருகிலோ ஒலிபதிவுக்கூடம் இருந்தாக வேண்டும் என்ற விதியை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2017 அக்டோபரில் நீக்கியது. இணையமும் மின்னஞ்சலும் இருக்கும்போது நேரில் கூடம் எதற்கு என்பது வாதம். ஊர்க்காரர் ஏறிப்போய்த் தட்டக்கூடிய ஒரு கதவு சட்டப்படி தேவையற்றதாயிற்று.

நேயர் அழைப்பு மெலிந்ததற்கு இன்னொரு காரணம், அதிகம் பேசப்படாத ஒரு சின்னக் கருவி. முன்பெல்லாம் ஆர்பிட்ரான் நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குக் குறிப்பேடு அனுப்பும். எந்த நிலையத்தை எவ்வளவு நேரம் கேட்டோம் என்று அவர்களே எழுதி அனுப்புவார்கள். நினைவிலிருந்து எழுதுவதால் பிடித்த நிலையத்தின் பெயர் தாராளமாக இடம்பெறும். 2007-இல் பிலடெல்ஃபியாவிலும் ஹூஸ்டனிலும் தொடங்கி, இடுப்பில் மாட்டும் பேஜர் அளவுள்ள ஒரு மீட்டர் வந்தது. நிலையங்கள் ஒலியில் கலந்து அனுப்பும், காதுக்குக் கேட்காத குறியீட்டை அது பிடித்துக்கொள்ளும். எந்த நிமிடத்தில் நேயர் விலகினார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. தடுமாறிப் பேசும் நேயர் வந்தால் கேட்பவர்கள் விலகுகிறார்கள் என்று நிகழ்ச்சி இயக்குநர்கள் முடிவுகட்டினார்கள். அழைப்புகளைக் குறை, சுருக்கு, தொகுப்பாளர்களே தங்களுக்குள் பேசட்டும் என்பது தொழில் ஞானமாயிற்று. அந்தந்த நிமிடத்துக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் தானும் ஒருநாள் அங்கே பேசலாம் என்ற நினைப்புத்தான் ஒருவரைப் பத்தாண்டு அந்த அலைவரிசையில் கட்டிவைத்தது. அதை அளக்கும் மீட்டர் கிடையாது.

வருமானம் வறண்ட நேரத்தில் சூதாட்டம் வந்தது. 2018 மே 14-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிப்பதைத் தடுத்திருந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாது என்றது. ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் போன்ற நிறுவனங்களின் விளம்பரம் விளையாட்டு வானொலிக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. அப்போது என்டர்காம் என்ற பெயரில் இருந்த ஆடசி 2020 நவம்பரில் பந்தயக் கணிப்பு நிறுவனமான பெட்கியூஎல்லை வாங்கி, அதன் பெயரில் நாடு தழுவிய நிகழ்ச்சிகளைத் தயாரித்தது. பல நகரங்களில் உள்ளூர் நிகழ்ச்சி போன இடத்தில் இந்தச் சரக்கு வந்து உட்கார்ந்தது. தன் அணி ஏன் தோற்றது என்று கேட்கும் ரசிகருக்கும், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கேட்கும் பந்தயக்காரருக்கும் தேவை வேறு வேறு. இரண்டாமவருக்கு ஊர் தேவையில்லை. அவருக்கு எந்த ஊர் ஆட்டமும் ஒன்றுதான்.

இதில் என்னை வெகுவாகப் பாதிப்பது டபிள்யூஃபேனின் கிரெய்க் கார்ட்டன் கதை. நுழைவுச்சீட்டு வியாபாரம் என்று சொல்லி முதலீட்டாளர்களிடம் வாங்கிய பணத்தைச் சூதாட்டக் கடனுக்குத் திருப்பிவிட்ட வழக்கில் 2018-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மூன்றரை ஆண்டு தண்டனை பெற்றவர். 2020 நவம்பரில் நிலையத்துக்குத் திரும்பினார். வார இறுதியில் சூதாட்ட அடிமைத்தனத்தைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பாதிக்கப்பட்டவர்கள் அழைத்துப் பேசினார்கள். அது நல்ல காரியம், உள்ளூர் வானொலியால் மட்டுமே இயன்ற காரியம். பந்தய நிறுவனங்களின் காசில் வயிறு வளர்க்கும் தொழிலுக்குள்ளிருந்துதான் அந்தக் குரலும் வர வேண்டியிருந்தது.

பாட்காஸ்ட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதன் தரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 'லாக்டு ஆன்' என்ற வரிசை ஒவ்வோர் அணிக்கும் தினசரி ஒரு நிகழ்ச்சி தருகிறது. வான்கூவரில் வேலையிழந்த மேட் செகரஸ், பிளேக் பிரைஸ் இணை அதே மாதத்தில் இணையத்தில் தங்கள் நிகழ்ச்சியைத் தொடங்கி நேயர்களையும் கூட்டிச் சென்றது. டல்லஸில் 'தி டிக்கெட்' தொகுப்பாளர்கள் இருவர் 2023-இல் விலகித் தனியாகப் பாட்காஸ்ட் தொடங்கியதும், போட்டித் தடை ஒப்பந்தத்தைக் காட்டி உரிமையாளர் தரப்பு வழக்குப் போட்டது, பிறகு சமரசமாயிற்று. ஆளை வைத்துக்கொள்ளத்தான் பணமில்லை, போனவரைத் தடுக்க வக்கீலுக்குப் பணம் இருந்தது. நேயர்கள் மாதச் சந்தா கட்டித் தொகுப்பாளரை வாழவைப்பது நிலையத்தைவிட நேர்மையான ஏற்பாடு என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் சந்தா கட்டியவர்கள் ஏற்கெனவே ஒத்த மனசுக்காரர்கள். தற்செயலாக அலைவரிசையைத் திருப்பியபோது காதில் விழுந்து உள்ளே வந்தவர் அங்கே இல்லை. தேடிப் போகிறவருக்கு மட்டுமே அது கிடைக்கும். பதிவுசெய்து வெளியிடும் பேச்சில், ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் வயிற்றெரிச்சலோடு வண்டியோட்டிக்கொண்டு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்பதும் இல்லை. இணைய அரட்டையில் தட்டச்சு செய்யும் வரிக்குக் குரல் கிடையாது. அந்தக் குரலில் தெரியும் வயதும் களைப்பும் பேட்டையின் வழக்கும் கிடையாது.

அணி முதலாளிகளைக் கேள்வி கேட்பது இன்னொரு விஷயம். வாஷிங்டன் கால்பந்து அணியின் உரிமையாளராக இருந்த டான் ஸ்னைடர் 2006-இல் வானொலித் தொழிலில் இறங்கினார். 2008-இல் நகரத்தின் மூத்த விளையாட்டு நிலையமான டபிள்யூடெம்மை வாங்கினார். அணியை விமர்சிக்க வேண்டிய நிலையத்துக்கு அணியின் முதலாளியே முதலாளி. 2018-இல் அதை விற்றார். 2020-இல் அதன் பெயரும் நிகழ்ச்சிகளும் போட்டி நிலையத்தை வைத்திருந்த என்டர்காமிடமே போய்ச் சேர்ந்தன. வான்கூவரில் 1040 மூடப்பட்ட பிறகு மிஞ்சிய ஸ்போர்ட்ஸ்நெட் 650, கனக்ஸ் ஆட்டங்களின் ஒலிபரப்பு உரிமையை வைத்திருக்கும் ராஜர்ஸ் நிறுவனத்தினுடையது. அங்கே பேசுகிறவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் அவர்களைப் போட்டியால் நேர்மையாக வைத்திருக்க இரண்டாவது கடை அந்த அலைவரிசை வரிசையில் இல்லை.

இத்தனைக்கும் பேச்சு வானொலிக்குள் விளையாட்டு, நல்ல நிலையில் இருக்கும் பிரிவுதான். நியூயார்க்கில் 1967 முதல் செய்தி மட்டுமே சொல்லிவந்த டபிள்யூசிபிஎஸ் 880, 2024 ஆகஸ்டில் அந்த வேலையை நிறுத்தியது. அந்த இடத்துக்கு வந்தது, பண்பலையில் வாடகை கட்டி இருந்துவந்த ஈஎஸ்பிஎன் நியூயார்க். 880-இன் உரிமையாளர் டபிள்யூஃபேனை வைத்திருக்கும் அதே ஆடசி. போட்டியாளருக்கு அலைவரிசையை வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கும் நிலைக்கு நிறுவனம் வந்திருக்கிறது. செய்திக்கு இந்தக் கதி என்றால், விளையாட்டுப் பேச்சின் சரிவை ரசிகர்களின் தனிச் சங்கடமாகப் பார்க்க முடியாது.

இப்போது பேச்சு காருக்கு வந்திருக்கிறது. மின்சார மோட்டாரின் இரைச்சல் ஏஎம் ஒலியைக் கெடுக்கிறது என்று டெஸ்லா, பிஎம்டபிள்யூ, வோல்வோ போன்றவை மின்சார வண்டிகளில் ஏஎம் கருவியைக் கைவிட்டன. ஃபோர்டும் கைவிடுவதாகச் சொல்லி, எதிர்ப்புக்குப் பிறகு 2023 மே மாதம் பின்வாங்கியது. எல்லாப் புதிய வண்டிகளிலும் ஏஎம் இருந்தாக வேண்டும் என்ற மசோதா இரு கட்சியினர் ஆதரவோடும் அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. பேரிடர்க் காலத்தில் ஊருக்குத் தகவல் சொல்ல ஏஎம் வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். புயல் வரும் இரவில் தகவல் சொல்ல நிலையத்துக்குள் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் மற்ற நாள்களில் ஈகிள்ஸ் பற்றியோ மெட்ஸ் பற்றியோ பேசித்தான் சம்பளம் வாங்க முடியும். கார் நிறுவனங்களுக்குக் கட்டளையிடும் சட்டம், அலைவரிசையை வைத்திருப்பவருக்கும் ஒன்று சொல்லட்டும்: நாளில் இத்தனை மணி நேரம் உரிமம் பெற்ற ஊரிலிருந்தே நேரலையில் பேச வேண்டும், அங்கே தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். 2017-இல் நீக்கிய ஒலிபதிவுக்கூட விதியைத் திருத்தி மீட்டாலே இதில் பாதி நடந்துவிடும்.